ரெமா எம்., மற்றும் பிறர்

எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். போன ஆண்டில் எத்தனை கட்டுரை எழுதினீர்கள், எந்த இதழில் எழுதினீர்கள், அதை யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள், உங்கள் எச்-இண்டெக்ஸ் என்ன? இயற்பியல் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் அதே படிவம்தான். கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு கோடு போட்டுக் கொடுப்போம். கோடு செல்லாது, எண்தான் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து திரும்பி வரும். பூஜ்யம் என்று எழுதிக் கொடுப்போம். இருபது ஆண்டுகள் சங்க இலக்கியம் படித்து, படிப்பித்து, எழுதிய பெண்கள் நான்கு பேர் வரிசையாகப் பூஜ்யம் எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் துறையின் வருடாந்தரச் சடங்கு.

எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. உங்கள் கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து. நாற்பது கட்டுரைகள் நாற்பது முறையாவது காட்டப்பட்டிருந்தால் நாற்பது. எளிமையான கணக்கு. ஆனால் அது எண்ணுவது தரவுத்தளத்தில் இருப்பதை மட்டும்தான். சிற்றிதழில் வந்ததும், தொகைநூலில் வந்ததும், தமிழ்த் துறைகளின் அலமாரிகளில் கட்டிவைத்த ஆய்வேடுகளில் என்னை யாரோ எடுத்தாண்டதும் அதன் கண்ணில் படாது. ஆகவே இந்த மேற்கோள் எண்ணிக்கை என்பதை நான் நெடுநாள் ஒரு அலுவலகத் தொந்தரவாக மட்டுமே வைத்திருந்தேன். அதை வேறுவிதமாகப் பார்க்க வைத்தது அம்மாவின் இடது கண்.

அம்மா அசோக் நகரில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார். அசோக் பில்லருக்குப் பின்புறத் தெரு. அப்பாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. வந்த நாளிலிருந்து வீட்டுச் சமையலறை அதற்கேற்ப மாறியது. சோறு குறைந்தது, கேழ்வரகு வந்தது, வெந்தயம் ஊறியது. அப்பாவின் சர்க்கரைக்கு ஒரு நோட்டு உண்டு. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி போட்டு, பதினெட்டு ஆண்டுகள் எழுதியது அம்மாவின் கை. அந்த நோட்டில் அம்மாவின் எண் ஒன்றுகூட இல்லை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லி, அறுவைக்கு முன் ரத்தம் எடுத்தபோதுதான் அவருக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அதைச் சொல்ல நோட்டு இல்லை.

பிறகு கண். முதலில் அந்தி நேரத்தில்தான் தடுமாறினார். பில்லர் பஸ் ஸ்டாப்பில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் "தம்பி, வர்றது எந்த நம்பர்?" என்று கேட்கத் தொடங்கினார். மெட்ரோ தூண்கள் வந்த பிறகு தெருவே இருட்டாகிவிட்டது என்று காரணம் சொன்னார். பருப்பில் கல் பொறுக்குவது நின்றது. ஒருநாள் காலை இடது கண்ணுக்குள் மை கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். கூட்டிக்கொண்டு போனோம். வரவேற்பில் இருந்தவர் அட்டையில் திருமதி என்று போட்டு அப்பாவின் பெயரை எழுதினார். க/பெ என்ற இடத்திலும் அதே பெயர். அம்மா அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கண்ணு என்னுதுதானே, என் பேரைக் காணோமே" என்றார். வரவேற்பில் யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மருந்து விட்டு, பாவை விரியும்வரை உட்கார வைத்து, விழித்திரையைப் படமெடுத்தார்கள். இளம் மருத்துவர், பெண், பொறுமையாகத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டத்தில் சிவப்புப் புள்ளிகள், நடுவே ஒரு கசிவு. சர்க்கரை அதிகமாக இருக்கும் ரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓடியதால் நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து சிறு குமிழ்களாகப் புடைத்திருக்கிறது, சில உடைந்திருக்கின்றன என்றார். வலிக்காது. அதுதான் இதில் மோசம். பார்வையின் மையம் தொடப்படும்வரை ஆளுக்கே தெரியாது. "சர்க்கரை உள்ளவங்க நூறு பேரை எடுத்தா நம்ம ஊர்ல பதினெட்டுப் பேருக்கு இப்படி ஏதாவது இருக்கும்மா" என்றார் அம்மாவிடம், ஆறுதலாக. அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாத்தியார் புத்தி. "சென்னைலயே எடுத்தது மேடம். ரெமா எட் ஆல்." ரெமா யார் என்றேன். "அது ஒரு பேப்பர் மேடம்" என்றார்.

வீடு வந்து தேடினேன். அது ஒரு பேப்பர்தான். ஆனால் ஒரு பெண்ணும்கூட. 2005இல் விழித்திரை, பார்வை அறிவியல் துறையின் முதன்மையான சர்வதேச இதழ்களில் ஒன்றில் வந்த கட்டுரை அது. சென்னை நகரில் சர்க்கரை நோயாளிகளிடையே விழித்திரைப் பாதிப்பு எவ்வளவு என்பது பொருள். முதல் பெயர் மோகன் ரெமா. கண் மருத்துவர், விழித்திரை நிபுணர். 1991இல் கணவர் டாக்டர் வி. மோகனுடன் சேர்ந்து சென்னையில் சர்க்கரை நோய்க்கான சிறப்பு மையத்தைத் தொடங்கியவர். இன்று அவர் இல்லை. கோபாலபுரத்தில் அந்த மையத்தின் முன்னால் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், பலகையில் இருப்பது மோகன் என்ற பெயர். ஊர் படிக்கும் பலகையில் ஒரு பெயரும், உலகம் எடுத்தாளும் கட்டுரையில் இன்னொரு பெயரும் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். (ரமா என்று உச்சரிப்பவர்களும் இருக்கலாம். கட்டுரைகளில் உள்ள ஆங்கில எழுத்துகளின்படி நான் ரெமா என்று எழுதுகிறேன்.)

அந்தப் பதினெட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் உழைப்பு இருக்கிறது. 1996இல் ரெமா முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். மையத்துக்கு வந்த 6,792 நோயாளிகளின் கண்களைப் பார்த்ததில் 34.1 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு. பெரிய எண். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஊர் ஆகமாட்டார்கள். முற்றியவர்கள் வருவார்கள், பணம் உள்ளவர்கள் வருவார்கள், கூட்டிவர ஆள் உள்ளவர்கள் வருவார்கள். வராதவர்களை எண்ண வேண்டுமானால் தெருவுக்குப் போக வேண்டும். க்யூர்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வில் அந்தக் குழு அதைத்தான் செய்தது. அப்போது சென்னை மாநகராட்சியில் 155 வட்டங்கள். அவற்றிலிருந்து 46 வட்டங்களைத் தேர்ந்து, 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைச் சோதித்தார்கள். சர்க்கரை உள்ளவர்களை வரவழைத்து, கண் ஒவ்வொன்றிலும் நான்கு பகுதிகளைப் படமெடுத்தார்கள். தரம் பார்க்கத் தகுந்த படங்கள் 1,715 பேருடையவை. ஒவ்வொரு படத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் புள்ளிகளைத் தேடித் தரம் போட வேண்டும். வந்த விடை 17.6 சதவீதம்.

34.1 எங்கே, 17.6 எங்கே. ஒரே ஊர், ஒரே கண் மருத்துவர். யாரை எண்ணினோம் என்பது எவ்வளவு என்பதைப் பாதியாக்கிவிட்டது. இந்த ஒரு பாடத்துக்காகவே எங்கள் துறை ஆய்வு மாணவர்களிடம் இந்த இரண்டு கட்டுரைகளையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சங்கப் புலவர்களைப் பற்றிப் பேசும்போது நாமும் ஏறக்குறைய மருத்துவமனைக்கு வந்தவர்களைத்தானே எண்ணுகிறோம்.

கட்டுரைக்குள் இன்னொரு எண் இருக்கிறது, என்னை அதிகம் தொந்தரவு செய்தது அதுதான். தனக்குச் சர்க்கரை என்று ஏற்கெனவே தெரிந்தவர்களில் 20.8 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. இந்த ஆய்வில்தான் முதன்முதலாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களில் 5.1 சதவீதம். அதாவது நோய் இருப்பதே தெரியாமல் சமைத்துக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருந்தவர்களில் இருபதுக்கு ஒருவருக்குக் கண் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. கர்ப்பப்பைக்காகப் போய்ச் சர்க்கரையோடு திரும்பிய அம்மா அந்த இருபதில் ஒருவர் போன்றவர்.

இங்கே எனக்கு வசதியில்லாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த ஆய்வில் பெண்களைவிட ஆண்களுக்கே பாதிப்பு அதிகம், 21.3க்கு 14.6. அம்மாவுக்கு நேர்ந்ததை வைத்து, பெண்களின் கண்ணே அதிகம் கெடுகிறது என்று எழுத எனக்குக் கை அரித்தது. எண் அதற்கு இடம் தரவில்லை. யாருக்கு நோய் அதிகம் என்பது ஒரு கேள்வி, யாருடைய நோய்க்கு வீட்டில் நோட்டு போடப்படுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதை எண்ணுவதற்கு வேறு ஆய்வு வேண்டும்.

விழித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கண்ணின் திரை என்று தமிழில் அழகாகச் சொல்லிவிட்டோம். ஆனால் அது மூளையின் ஒரு துண்டு. கருவில் மூளையாகப் போகும் குழாயிலிருந்து இரண்டு மொட்டுகள் முன்னே நீண்டு வந்து கண்ணுக்குள் விரிந்துகொள்கின்றன. ஒளியை வாங்கும் செல்கள், அதை வடிகட்டும் செல்கள், மூளைக்கு அனுப்பும் செல்கள் என்று அடுக்கடுக்கான நரம்பணுக்கள். நரம்பியலின் முன்னோடியான ரமோன் ஈ கஹால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உட்கார்ந்து வரைந்தவற்றில் விழித்திரை முக்கியமானது. உடம்பைக் கிழிக்காமல் நரம்புத் திசுவையும் ரத்தக் குழாயையும் ஒருசேரப் பார்க்க முடிகிற இடம் இது ஒன்றுதான். சர்க்கரை முதலில் குழாயைத் தாக்குகிறதா நரம்பைத் தாக்குகிறதா என்ற விவாதமும் உண்டு. குழாயில் புள்ளி தெரிவதற்கு முன்பே நரம்பணுக்களின் செயல் மந்தப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தச் செல்களை எண்ணியவர்களும் பெண்களே என்பது தேடத் தேடத் தெரிந்தது. மனித விழித்திரையில் எத்தனை கோல்கள், எத்தனை கூம்புகள், எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு 1990 வரை உலகம் பெரிதும் நம்பியிருந்தது ஆஸ்டர்பர்க் 1935இல் ஒரே ஒரு கண்ணைக் கொண்டு செய்த கணக்கை. 1990இல் கிறிஸ்டின் கர்சியோ முதல் ஆசிரியராகவும் அனிட்டா ஹென்றிக்சன் கடைசி ஆசிரியராகவும், நடுவே இரண்டு ஆண்களோடும், ஒரு கட்டுரை வந்தது. ஏழு பேரிடமிருந்து கிடைத்த எட்டு விழித்திரைகளை விரித்துவைத்து எண்ணினார்கள். இறந்தபோது அந்த ஏழு பேரின் வயது 27 முதல் 44 வரை. சராசரியாக ஒரு கண்ணில் 46 லட்சம் கூம்புகள், 9 கோடியே 20 லட்சம் கோல்கள். பார்வையின் நடுப்புள்ளியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கூம்புகள் என்பது ஆளுக்கு ஆள் மூன்று மடங்குக்கும் மேல் மாறுகிறது: ஒருவருக்கு ஒரு லட்சம், இன்னொருவருக்கு மூன்று லட்சத்து இருபத்துநாலாயிரம். ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை இது. விழித்திரையைப் பற்றிய பாடநூல்களில் வரும் வளைகோட்டுப் படத்துக்கு அடியில் பெரும்பாலும் கர்சியோவின் பெயர் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து அவர் வயதானவர்களின் கண்களை எண்ணினார். நடுப்பகுதியில் கூம்புகள் ஏறக்குறைய அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றியிருக்கும் கோல்களில் சுமார் 30 சதவீதம் போய்விடுகின்றன என்று கண்டார். கோல்கள்தான் மங்கிய ஒளிக்கு. அம்மா அந்தியில் தடுமாறியதற்குச் சர்க்கரை மட்டும் காரணமாக இருந்திருக்காது, மெட்ரோ தூண் நிச்சயமாக இல்லை.

அந்த ஏழு பேரின் பெயர் எங்கும் இல்லை. இருக்கவும் கூடாது, ஆய்வு நெறி அது. ஆனாலும் மேற்கோள் எண்ணிக்கை என்று யாராவது பெரிய எண் ஒன்றைச் சொல்லும்போது எனக்கு இப்போது அந்த எட்டு விழித்திரைகள் நினைவுக்கு வருகின்றன.

மீண்டும் ரெமாவின் பெயருக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த துறை பெயர்தான். 2005 கட்டுரையின் ஆசிரியர்களை வரிசையாகச் சொன்னால் மோகன் ரெமா, சுந்தரம் பிரேம்குமார், பாலாஜி அனிதா, ராஜ் தீபா, ராஜேந்திர பிரதீபா, விஸ்வநாதன் மோகன். நம் ஊர்ப் பழக்கப்படி தந்தை அல்லது கணவர் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயருக்குத் தாவினால் ஒரு குடும்பமே தெரியும்: விஸ்வநாதனின் மகன் மோகன், மோகனின் மனைவி ரெமா. இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான எம். விஸ்வநாதன்தான் அந்த விஸ்வநாதன்.

இதை மேற்கத்திய மேற்கோள் முறை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறது பாருங்கள். பின்னால் நிற்பது குடும்பப் பெயர், முன்னால் நிற்பது ஆளின் பெயர் என்பது அதன் நம்பிக்கை. குடும்பப் பெயரை முழுதாக எழுது, ஆளின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கு என்பது அதன் விதி. விளைவு, ரெமா எம். கணவர் ஓரெழுத்து. அனிதா பி., தீபா ஆர்., பிரதீபா ஆர். பெண்களின் சொந்தப் பெயர்கள் முழுதாக நிற்கின்றன, ஆண்கள் புள்ளி வைத்த ஓரெழுத்தாகிவிட்டார்கள். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை, இந்தியாவின் சர்க்கரை நோய்க் கணக்கெடுப்புகளில் முதல் ஆசிரியராக வருபவர், ரஞ்சித் மோகன் அஞ்சனா. உலகுக்கு அவர் அஞ்சனா ஆர்.எம். கணவரும் தந்தையும் இரண்டு எழுத்தில் அடக்கம். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை என்ற 2023ஆம் ஆண்டுக் கணக்கு அஞ்சனா என்ற பெயரில்தான் உலகெங்கும் மேற்கோளாகிறது.

இது யாரும் திட்டமிட்ட பெண்ணியம் அல்ல. இரண்டு ஆணாதிக்கப் பெயர் முறைகள் மோதிக்கொண்டதில் நடந்த விபத்து. தலைப்பெழுத்து யாருடையதாக இருக்க வேண்டும் என்று நாம் இன்னும் நேராகக் கேட்டுக்கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது, பெயரைத் தமிழில் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று. வரவேற்றேன். எந்த மொழியின் எழுத்து என்பதில் இருந்த அக்கறை, யாருடைய பெயரின் எழுத்து என்பதிலும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

என் கதை வேறு. முனைவர் பட்டம் வாங்கியபோது என் தலைப்பெழுத்து அப்பாவுடையது. திருமணத்துக்குப் பின் சேர்ந்த வேலையில் சம்பளப் பதிவேட்டில் கணவர் எழுத்தைப் போட்டார்கள், கட்டுரைகளும் அதே எழுத்தில் போகத் தொடங்கின. கவிதைகளுக்கு எழுத்தே வேண்டாம் என்று நான் தீர்மானித்தேன். ஒரு நூலகப் பட்டியலில் என்னைத் தேடினேன். மூன்று பெண்கள் கிடைத்தார்கள். ஒருவர் சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதி மறைந்துவிட்டார். ஒருவர் கருத்தரங்கக் கட்டுரைகள் எழுதுகிறார். இன்னொருவர் கவிஞர், அவருக்குத் தந்தையும் இல்லை கணவரும் இல்லை. மூவரையும் ஒருவராக்க இப்போது ஆர்கிட் என்ற முறை இருக்கிறது, 2012இல் வந்தது. பதினாறு இலக்க எண் ஒன்று வாங்கிக்கொண்டால் பெயர் எப்படி மாறினாலும் கட்டுரைகள் உங்களோடு ஒட்டிக்கொள்ளும். நானும் வாங்கிவைத்திருக்கிறேன். திருமணமானால் பெயர் மாறாத ஆண்களுக்கு இந்த எண்ணின் அருமை அவ்வளவாகத் தெரியாது.

நரம்பியல் துறையில் மேற்கோள்கள் எப்படிப் போகின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து முன்னணி நரம்பியல் இதழ்களை எடுத்துக்கொண்டு, கட்டுரைகளின் பின்னால் உள்ள மேற்கோள் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் ஆணாக உள்ள கட்டுரைகள் எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட அதிகமாகவும், பெண்கள் தலைமையேற்ற கட்டுரைகள் குறைவாகவும் மேற்கோளாகின்றன. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆண்கள் மேற்கோள் காட்டும் விதம். துறையில் பெண்கள் கூடக்கூட இந்தக் கோணல் குறையவில்லை, கூடுகிறது. அதற்கு முன் 2017இல் வேறொரு ஆய்வு, பல துறைகளின் சுமார் 15 லட்சம் கட்டுரைகளைப் பார்த்து, ஆண்கள் தங்களைத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொள்வது பெண்களைவிட 56 சதவீதம் அதிகம் என்றது. எச்-இண்டெக்ஸ் ஏறுவதற்கு அதுவும் ஒரு படி.

இப்படிப்பட்ட ஆய்வுகள் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதை முதற்பெயரை வைத்து ஊகிக்கின்றன. முதற்பெயர் என்று எம். ஒன்றுதான் இருந்தால் ஊகிக்க ஒன்றுமில்லை. மோகன் என்று முழுதாக இருந்தால் இன்னும் மோசம், இயந்திரம் ரெமாவை ஆண் என்று எண்ணும். கணவரை ஓரெழுத்தாக்கி மகிழ்ந்த அதே விபத்து, பெண்களை எண்ணும் இடத்தில் அவரைப் பெண்ணாக எண்ணவிடாமல் செய்துவிடும். என் மகிழ்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அது ஒரு பேப்பர் மேடம்" என்ற அந்த இளம் மருத்துவரின் மேல் எனக்குக் குறையில்லை. தமிழில் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் சிலவற்றுக்குப் பாடியவர் பெயர் கிடைக்காதபோது பாட்டில் உள்ள தொடரையே பெயராக்கினார்கள், செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். நச்செள்ளையாருக்குச் சொந்தப் பெயர் இருந்தும் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்பது முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிச் சேரனைப் புகழ்ந்தவர் அவர். ஆனால் காக்கைதான் நிலைத்தது. அங்கே மேற்கோள் பெயராயிற்று. ரெமாவுக்குப் பெயர் மேற்கோளாயிற்று. நான் கேட்பது, பெயரைச் சொல்லும்போது அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தார் என்பதும் சேர்ந்து போக வேண்டும் என்பதை மட்டும்தான். நச்செள்ளையாரைப் பெண் என்று நாம் பாடத்தில் சொல்லித்தருகிறோம் அல்லவா?

ரெமாவின் கட்டுரைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஆய்வு வாழ்க்கை என்பது என்ன என்று கொஞ்சம் பிடிபடுகிறது. 1996இலும் 2005இலும் முதல் பெயர். 2007இல் இந்தியக் கண்ணோட்டத்தில் இந்த நோயைத் தொகுத்துச் சொல்லும் நீண்ட கட்டுரை ஒன்று, ஆசிரியர்கள் ரெமா, பிரதீபா இருவர் மட்டும். 2008இல் யாருக்கு இந்தப் பாதிப்பு வருகிறது என்ற காரணிகளைப் பற்றிய கட்டுரையில் பிரதீபா முதலில், ரெமா கடைசியில். அறிவியல் கட்டுரைகளில் கடைசி இடம் வழிநடத்தியவருக்கு. முதலில் நின்றவர் பின்னால் நகர்ந்து, பக்கத்தில் நின்றவரை முன்னால் விட்டிருக்கிறார். எந்த எண்ணும் இந்த நகர்வைப் பிடிப்பதில்லை. எச்-இண்டெக்ஸுக்கு முதலில் நின்றாலும் ஒன்றுதான், கடைசியில் நின்றாலும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு இயந்திரம் வந்துவிட்டது. 2016இல் கூகுள் குழு வெளியிட்ட கட்டுரை, விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியது. ஆயிரக்கணக்கில் மேற்கோளான கட்டுரை. கற்றுக்கொடுக்கப் பயன்பட்டவை 1,28,175 படங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவையும் உண்டு, அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட நம் கண் மருத்துவமனைகளிலிருந்து போனவையும் உண்டு. மதுரையிலோ நுங்கம்பாக்கத்திலோ மருந்து விட்டுக்கொண்டு, கண் கூசியபடி, கூட வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ அம்மாக்களிடம் கணினி பாடம் படித்திருக்கிறது. 2018இல் அதே கோபாலபுரத்து மையத்திலிருந்து இன்னொரு கட்டுரை. செல்போனில் பொருத்திய கருவியால் விழித்திரையைப் படமெடுத்து, மென்பொருளைக் கொண்டே பாதிப்பைக் கண்டறிந்தார்கள். பாதிப்பு உள்ளவர்களில் 95.8 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. ஆசிரியர்கள் ராஜலட்சுமி, சுபாஷினி, அஞ்சனா, மோகன். முதல் மூன்றும் பெண்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் மூவரின் பெயரும் முழுதாக நிற்கிறது. மருத்துவமனைக்கு வர முடியாதவரின் வீட்டுக்கே கேமரா போக முடியும் என்பது, 46 வட்டங்களில் ஆட்களைத் தேடிப்போன வேலையின் தொடர்ச்சிதான்.

அம்மாவுக்கு லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். இடது கண்ணில் பாதி திரும்பியது, வலது கண் காப்பாற்றப்பட்டது. இப்போது நோட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா. அப்பாவே கோடு போடுகிறார், கோணலாக.

போன ஆண்டு என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த மாணவி சர்க்கரை நோயும் பெண் உடலும் தற்காலச் சிறுகதைகளில் எப்படி வருகின்றன என்று எழுதினாள். மருத்துவக் கட்டுரைகளையும் மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது. துணைநூற்பட்டியலில் "மற்றும் பிறர்" என்று எங்கும் போடாதே, ஆறு பேர் இருந்தால் ஆறு பேரையும் முழுப் பெயரோடு எழுது, கிடைக்கும் இடத்தில் தலைப்பெழுத்தையும் விரித்து எழுது என்றேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத் தேர்வாளர், பட்டியல் நெறிமுறைப்படி இல்லை, நான்கு பக்கம் கூடியிருக்கிறது என்று குறித்தார். அவள் எழுந்து, "ஐயா, குறைக்கணும்னா யாரைக் குறைக்கட்டும்?" என்று கேட்டாள். அவர் பட்டியலைப் புரட்டினார். மோகன் ரெமா என்ற இடத்தில் விரலை வைத்து, "இவர் ஆணா பெண்ணா?" என்றார். அவள் சொன்னாள். அவர் பென்சிலால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.